அன்றில் என்று நான் சொன்ன பறவை

உ
கரையீசர் துணை

நிலமாய்க் கிடந்து, நீராய் நெகிழ்ந்து, தீயாய் எழுந்து, காற்றாய் அலைந்து, வெளியாய் விரிந்து நிற்கும் எம்பெருமானே! அருந்தவநாயகியை இடப்பாகத்தில் வைத்த அண்ணலே! இந்த மார்கழியிலும் என் நாவில் பிழை புகாமல் காத்தருள்வாயாக. நெஞ்சில் புகுவதை நீயே அறிவாய். அதை நான் எழுதவேண்டியதில்லை.

மார்கழி 1

விடியலில் கோயில் மண்டபத்தில் சொற்பொழிவைத் தொடங்கினேன். பள்ளியில் தமிழாசிரியனாக இருந்த நாள் தொட்டு மார்கழி முழுதும் இது என் திருப்பணி. பனி கடுமையாக இருந்தும் மண்டபம் நிறைந்தது. இரண்டாம் தூணருகில், வழக்கமான இடத்தில், என் மனைவி உலகம்மாள். அவளுக்குப் பக்கத்தில் அவள் தங்கை சண்பகம், மடியில் பிச்சிப்பூவைக் கொட்டித் தொடுத்துக்கொண்டே கேட்டாள். கணவனை இழந்தபின் சண்பகம் எங்களுடன்தான் இருக்கிறாள். அம்பாளுக்கு அன்றாடம் மாலை அவள் கையால்தான்.

மாலையில் வெந்நீர் அடுப்புக்கு விறகு வந்து இறங்கியது. பாதி ஈரம்.

மார்கழி 3

பதிகத்தின் நான்காம் பாட்டுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கையில் குளத்துப் பக்கமிருந்து ஓர் ஒலி எழுந்தது. எக்காளத்தைத் தொண்டைக்குள் வைத்து ஊதியது போன்ற ஒலி. மண்டபத்துத் தலைகள் எல்லாம் ஒருசேரத் திரும்பின. இரண்டாம் தூணருகே இருந்த தலையும் திரும்பியது.

முடித்தபின் பின்வாசல் வழியே சென்று பார்த்தேன். நெடுங்குளத்தின் மேற்கே, நீர் முழங்காலளவே நிற்கும் இடத்தில், பெரிய சாம்பல்நிறப் பறவைகள் கூட்டமாக நின்றன. கழுத்து கரியது. கண்ணுக்குப் பின்னால் வெண்மையான இறகு ஒன்று, திருநீற்றைச் சுண்டுவிரலால் இழுத்துவிட்டாற்போல் நீண்டு கிடந்தது. நம் ஊர் நாரையும் அன்று, கொக்கும் அன்று. அப்படியொன்றும் அழகு என்று சொல்வதற்கில்லை.

வீடு திரும்பியபோது காப்பி ஆறி, ஆடை படிந்திருந்தது.

மார்கழி 4

கூட்டம் மெலிவு. தர்மகர்த்தா குற்றாலிங்கம், "எல்லாரும் குளத்தங்கரையில நிக்காக, அண்ணாச்சி. அந்தப் பறவைக்கு மைக்கும் வேண்டாம், மேடையும் வேண்டாம் போல" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உலகம்மாள் பாதியில் எழுந்து போயிருக்கிறாள். வீட்டுக்கு வந்தவள் முகம் முழுக்கப் பனியும் வெளிச்சமுமாக இருந்தாள்.

"அதுக்குக் கர்கரான்னு பேராம். மங்கோலியாவுல இருந்து இமயமலைக்கு மேலயே பறந்து வருமாம். எப்பவும் குஜராத்தோட நின்னுக்கிடுமாம். இம்புட்டுத் தெக்க வந்து யாரும் பாத்ததில்லையாம். தேவபிச்சை சொன்னான்."

"யார் சொன்னான்?"

"தேவபிச்சை. ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தான்லா, குஜராத்துல. பொஞ்சாதி தவறினதும் ஊரோட வந்துட்டானே. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் நாங்க ஒண்ணாத்தான் படிச்சோம். 'உலகு, இந்தக் கண்ணாடி வழியாப் பாரு'ன்னு கையில குடுத்தான். எம்மா! கண்ணு குன்னிமுத்து கணக்கா செக்கச்செவேல்னு இருக்கு."

அவர் ஒரு மடக்கு நாற்காலியும் தொலைநோக்கியுமாகக் கரையில் அமர்ந்திருப்பதை நானும் பார்த்தேன். மஞ்சள் பனியன். அந்நிறம் அவ்வயதுக்குப் பொருந்துவதன்று என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன், வேறொன்றுமில்லை.

மணமான நாள் முதல் அவள் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, நானும் அழைத்ததில்லை. எங்கள் வீட்டு முறை அது. அவளுக்கு 'உலகு' என்று ஒரு பெயர் உண்டென்பது இன்று தெரிந்தது.

மார்கழி 5

இன்று மண்டபத்தில் உண்மையை விளக்கினேன். குளத்தில் வந்திறங்கியிருப்பது பழம்பாடல்கள் போற்றும் அன்றில் என்றேன். ஒன்றைவிட்டு ஒன்று பிரியாத பறவை. துணை நீங்கின் உயிர்தரியாத பறவை. ஈசனும் அம்மையும் ஓருடலாய் நிற்கும் தத்துவத்தைக் காட்டவே கரையீசர் சன்னிதியை நாடி வந்தது என்றேன். சொல் அருவியாக வந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். குற்றாலிங்கம் மேடைக்கே வந்து என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இரவு உணவின்போது உலகம்மாள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அன்றில் பனமரத்துலலா கூடு கட்டும்னு சொல்லுவிய? அலகு வளஞ்சிருக்கும்னும் சொன்னிய. இது தண்ணிக்குள்ள நிக்கி. அலகும் நேராத்தான இருக்கு?"

"நான் எப்போது சொன்னேன்?"

"போன மார்கழிக்கு முந்தின மார்கழி. மழையில ஒருத்தரும் வராம, எனக்கும் சண்பகத்துக்கும் மட்டும் பேசுனியளே, அன்னைக்கி."

காலத்துக்கேற்ப உயிர்கள் தம் வாழ்முறையை மாற்றிக்கொள்ளும் என்றேன். தோசை ஒருபுறம் கருகியிருந்தது.

மார்கழி 8

என் சொல்லுக்கு ஊர் தந்த மதிப்பு வியக்கத்தக்கது. மணமாகாத பெண்கள், பிணங்கிப் பிரிந்த தம்பதியர், அவர்களைப் பெற்றவர்கள் என விடியுமுன்னரே குளக்கரையில் திரள்கின்றனர். நெய்விளக்கு ஏற்றுகின்றனர், தேங்காய் உடைக்கின்றனர், கோயில் பொங்கலைத் தொன்னையோடு கரையில் படைக்கின்றனர். கோயில் வாசலில் 'அன்றில் தரிசனம்' என்று எழுதிய பிளெக்ஸ் ஒன்றைக் குற்றாலிங்கம் கட்டியிருக்கிறார். அதில் என் படமும் உண்டு. சற்றுச் சாய்ந்திருக்கிறது.

மண்டபத்தில் சண்பகமும் வேறு மூன்று முதியவரும் மட்டும். உலகம்மாளின் தூண் தனித்து நிற்கிறது.

மார்கழி 10

தேவபிச்சை வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலுக்கு வெளியிலேயே விட்டு, நாற்காலியின் நுனியில் அமர்ந்தார்.

"சார், உங்ககிட்ட ஒரு விண்ணப்பம். அதுக தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே தூங்குற பறவை. தண்ணிதான் அதுக்கு வேலி. விடியுமுன்ன வெளக்கும் தேங்காச் சத்தமுமாப் போனா, மெரண்டு வடக்கு மேட்டுல ஒதுங்கிருது. பொங்கலத் திங்க வார நாயெல்லாம் அந்த மேட்டுலதான் கெடக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா ஜனம் கேக்கும்."

"பக்தியைத் தடுக்க நான் யார்?" என்றேன்.

"பக்தியத் தடுக்கச் சொல்லல சார். ஒரு நூறு கெஜம் தள்ளி நின்னு கும்பிடச் சொல்லுங்க. நானும் சர்ச்சுல பின் பெஞ்சுலதான் இருக்கேன். ஆண்டவருக்குக் கேக்காமலா போயிருது?"

உள்ளிருந்து உலகம்மாளின் சிரிப்பொலி கேட்டது. அவருக்கு வந்த காப்பியில் சீனி இருந்தது. எனக்குச் சர்க்கரை நோய் என்பதால் எனக்கு வருவதில் இராது. நெடுநாளாக அப்படித்தான், இன்று ஏனோ கசந்தது.

யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பினேன்.

மார்கழி 11

யோசிக்க நேரமில்லை. பல்வலி.

மார்கழி 13

நாய்கள் ஒன்றைக் கொன்றுவிட்டன.

உலகம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். நான் தனியே சென்றேன். வடக்கு மேட்டில் இறகுகள் சிதறிக் கிடந்தன. மற்றப் பறவைகள் நடுநீருக்குப் போய்விட்டன. ஒன்று மட்டும் போகவில்லை. மேட்டோரத்தில் இப்படி நாலடி, அப்படி நாலடி நடந்தது, கழுத்தை வானுக்கு நீட்டிக் குரலெழுப்பியது, பதிலுக்குக் காத்து நிற்பதுபோல் தலையைச் சாய்த்தது, மீண்டும் நடந்தது. மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் நின்றேன். துணையைப் பிரிந்தாரின் துயரை எத்தனையோ பாட்டில் வைத்து உரைத்திருக்கிறேன். அந்த ஒலியை இன்றுதான் கேட்டேன்.

சற்றுத் தள்ளி தேவபிச்சை நின்றிருந்தார். தொலைநோக்கி மார்பில் தொங்கியது. அதை அவர் தொடவில்லை.

வீடு வந்ததும் உலகம்மாள் எதிரில் நின்றாள்.

"நாளைக்கி மண்டபத்துல சொல்லிருங்க, அது அன்றில் இல்ல, நாந்தான் தெரியாமச் சொல்லிட்டேன்னு. வெளக்கு வேண்டாம், பொங்கல் வேண்டாம்னு சொல்லுங்க. தேவபிச்சை சொன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான். நீங்க சொன்னாக் கேப்பாக."

அவள் என்னிடம் எதையும் கேட்டுப் பெற்றவள் அல்லள். கேட்டது இது ஒன்றுதான். அதிலும் அவர் பெயர் இருந்தது.

மார்கழி 14

மண்டபத்தில் பேசினேன். பறவைகளைக் காப்பது ஒன்றே என் நோக்கமாக இருந்தது.

துணை இழந்த அன்றில் குளத்தில் உலவுகிறது; அதை மங்கல மகளிர் காண்பது ஆகாது; கண்டால் இல்லறத்துக்குத் தீங்கு; ஆதலால் மாதர் எவரும் இனிக் கரைக்குச் செல்லவேண்டா; விளக்கும் படையலும் நிற்கட்டும் என்றேன். இவ்வாறு ஒரு விலக்கை எந்த நூலில் கண்டேன் என்பது நினைவுக்கு வரவில்லை. எங்கேனும் இருக்கத்தான் வேண்டும்.

மந்திரம் போட்டாற்போல் கரை வெறிச்சோடியது. பிளெக்ஸை இறக்கிவிட்டார்கள். நாய்களும் கலைந்தன. பறவைகள் மேற்கு நீருக்குத் திரும்பின என்று குற்றாலிங்கம் சொன்னார். "ஒரு வாய்ச்சொல்லுல சாதிச்சுட்டிய அண்ணாச்சி!"

அதைத்தானே அவளும் கேட்டாள்? விரும்பியது நடந்துவிட்டது.

மார்கழி 15

உலகம்மாள் தூணருகில் வந்து அமர்ந்தாள். முதலிலிருந்து முடிவு வரை எழவில்லை. பதிகம் ஓதுகையில் என் குரல் நன்றாக அமைந்தது.

மார்கழி 16

இன்றும் வந்தாள்.

மார்கழி 17

இன்றும் வந்தாள். குளத்திலிருந்து குரல் எழுந்தபோது மற்றவர்கள் திரும்பினார்கள், அவள் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். பதிகத்தில் ஆழ்ந்திருக்கிறாள் என்றுதான் கொள்ளவேண்டும்.

வீட்டில், "உனக்கு நான் தடை சொல்லவில்லையே, பொதுவாகத்தானே சொன்னேன்" என்றேன்.

"நீங்க சொன்னதுல பொது எது, தனி எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். அவ்வளவே. பிறகு, கீரையில் மண் இருக்கிறது, இன்னொருமுறை அலசவேண்டும் என்றாள்.

மார்கழி 19

சண்பகம் நான்கு நாளாக மண்டபத்துக்கு வரவில்லை என்பதை இன்றுதான் கவனித்தேன். மாலை மட்டும் உலகம்மாள் கையில் வந்திருக்கிறது. பின்கட்டில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தவளிடம், உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல அத்தான்."

"பின்னே?"

வாழைநாரைப் பல்லில் கடித்து அறுத்தாள். "சோடி எழந்ததப் பாக்கக் கூடாதுன்னு சொன்னியளே. மறுநாள் போய் உக்காந்தேன். பக்கத்துல இருந்தவ, புதுசாக் கல்யாணம் ஆனவ, பொடவையச் சுருட்டிக்கிட்டு அங்கிட்டு நவுந்துட்டா. அவ மேல தப்பில்ல. படிச்ச நீங்க சொன்னதத்தான கேட்டா?"

"நான் பறவையைச் சொன்னேன், சண்பகம்."

"பறவையத்தான் சொன்னிய. பறவைக்குக் காது இல்ல அத்தான், எனக்கு இருக்கு."

சினமில்லாமல் சொன்னாள். விரல்கள் தொடுத்தபடியே இருந்தன. நான் அங்கிருந்து பூசையறைக்குச் சென்றேன். விளக்கு ஏற்றியிருந்தது. அமர்ந்தேன். எந்தப் பாட்டும் நாவில் எழவில்லை.

மார்கழி 20

சொற்பொழிவு நடத்தவில்லை. தொண்டை கட்டியிருப்பதாகச் சொல்லியனுப்பினேன். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

பகல் முழுதும் ஏடுகளைப் புரட்டினேன். அப்படி ஒரு விலக்கு எதிலும் இல்லை. இல்லையென்பது அன்று மேடையிலேயே எனக்குத் தெரியும்.

அதை ஏன் சொன்னேன் என்று ஈசன் முன் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். பறவைக்காக என்றால், 'எவரும் செல்லவேண்டா' என்று சொல்லியிருக்கலாமே. 'மாதர்' என்று ஏன் சொன்னேன்? கரையில் ஆடவர் பலர் நின்றனர். மாதருள் மடக்கு நாற்காலியின் அருகில் நின்றவள் ஒருத்தி.

இதற்குமேல் எழுதப்போவதில்லை.

மார்கழி 21

எழுதுகிறேன். மாலையில் தேவபிச்சையின் வீட்டுக்குச் சென்றேன். அவர் வீட்டுக்கு இதற்கு முன் நான் சென்றதில்லை. சுவரில் அவர் மனைவியின் படம்; அதன்கீழ் அணைந்த மெழுகுவத்தி. உடையைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் பதறி உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"நாளை மண்டபத்தில் நீங்கள் பேசவேண்டும். பறவைகளைப் பற்றி" என்றேன்.

"நானா? உங்க கோயில்லயா? சார், நான் வேதக்காரன்."

"முன்மண்டபம் எல்லாருக்கும் உரியது. தர்மகர்த்தாவிடம் கேட்டுவிட்டேன்."

"எனக்கு ரயில் வர நேரந்தான் சார் மைக்குல சொல்லத் தெரியும். அதுவும் லேட்டுன்னுதான் சொல்லுவேன்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

புறப்படும்போது அவர் தாழ்ந்த குரலில், "அந்த ஒத்தப் பறவை இன்னும் மேட்டோரமே நடக்குது சார். ஆனா இரை எடுக்க ஆரம்பிச்சிருச்சு. நேத்து கடலக் கொல்லையில மத்ததோட சேந்து மேஞ்சது" என்றார். பிறகு, "சண்பகத்துக்கிட்ட சொல்லச் சொல்லி உலகுகிட்டச் சொல்லணும்னு நெனச்சேன். அவ இப்பக் கரைக்கு வாரதில்லையே" என்றார்.

அவர் அறிந்தே சொன்னாரா, அறியாமல் சொன்னாரா? அறிந்துதான் சொன்னார்.

மார்கழி 22

நடந்தவற்றை முறைப்படி எழுதிவைக்கிறேன்.

இன்று மண்டபத்துக்குச் சண்பகத்தை நானே அழைத்தேன். "உன் மாலையை நீ கொண்டுவந்தால்தான் இன்று வாங்குவேன்" என்றேன். அவள் தன் அக்காளைப் பார்த்தாள். உலகம்மாள், "வாட்டி, என்ன சொல்லுதாகன்னுதான் பாப்போமே" என்றாள்.

மேடையில் ஏறி நின்றேன். பதிகம் ஓதவில்லை.

"குளத்தில் இருப்பது அன்றில் அன்று. அன்றில் அன்று என்பது நான் சொன்ன அன்றே எனக்குத் தெரியும். துணை இழந்த பறவையை மாதர் காணலாகாது என்று சொன்னேன். அப்படி எந்த நூலும் சொல்லவில்லை. அது நானே கட்டியது. துணை இழந்தோர் முகத்தில் தீங்கு இருப்பதாக நினைத்து இந்த மண்டபத்தில் விலகி அமர்ந்தவர்கள், அந்தப் பாவத்தை என் கணக்கில் எழுதிவிட்டு மீண்டும் நெருங்கி அமருங்கள்."

புதிதாக மணமான அந்தப் பெண் எழுந்து சண்பகத்தின் அருகில் வந்து அமர்ந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் மடியிலிருந்த பூவை எடுத்து, அவளும் தொடுக்கத் தொடங்கினாள். "தலைகீழாத் தொடுக்குறியே" என்று சண்பகம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

பிறகு தேவபிச்சையை அழைத்தேன். இன்று வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். மேடையில் ஏற மறுத்தார். "கீழ நின்னே சொல்லுதேன்" என்று கைகூப்பினார். நான் மேடையில் இருக்க அவர் கீழே நிற்பது முறையன்று, ஆகவே இறங்கினேன். இறங்கியபின் எங்கே அமர்வதென்று தெரியவில்லை. அத்தனை மார்கழியில் நான் அந்தப் பக்கம் அமர்ந்ததே இல்லை. இரண்டாம் தூணருகில் சிறிது இடமிருந்தது. அமர்ந்தேன்.

அவர் நன்றாகப் பேசினார் என்று எழுதவேண்டியிருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் அவை இமயத்தைக் கடப்பதையும், வழியில் கழுகுகள் காத்திருப்பதையும், வடக்கே ஒரு கிராமமே தானியம் இறைத்து அவற்றைப் போற்றுவதையும் சொன்னார். "இங்க எதுக்கு வந்துச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. அங்க மழை தப்பியிருக்கலாம். வழி தப்பியிருக்கலாம். நம்ம வீட்டுக்கு ஒருத்தர் வந்தா, எதுக்கு வந்தீகன்னா கேப்போம்? தொந்தரவு பண்ணாம இருப்போம், அம்புட்டுத்தான். வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் நின்னு யாரும் பாக்கலாம். ஆம்பளை பொம்பளை எல்லாரும். கண்ணாடி நான் தாரேன். ஆனா வரிசையில வரணும்."

எல்லாரும் சிரித்தார்கள். என் பின்னால் உலகம்மாள் சிரித்தாள். வீட்டில் நான் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, என் தோளில் ஒரு விரல் குத்தியது.

"கொஞ்சம் சாஞ்சு உக்காருங்க. தல மறைக்கி."

சாய்ந்து அமர்ந்தேன்.

நெஞ்சின் எரிச்சல் அடங்கியதா என்றால், இல்லை. அவர் சொன்ன ஒவ்வொரு நல்ல சொல்லும் அடுப்பில் விழுந்த சுள்ளிபோல் பற்றிக்கொண்டுதான் இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன், ஈசன் அறிந்ததை ஏட்டில் மறைத்து என்ன பயன்? ஆனால் அவள் பார்ப்பதற்கு என் தலை மறைக்கவில்லை. இன்று என்னால் இயன்றது அவ்வளவே.

பேச்சு முடிந்ததும் அக்காளும் தங்கையும் என்னைக் கடந்து, பின்வாசல் வழியே, கூட்டத்தோடு வேப்பமரம் நோக்கிப் போனார்கள். நான் ஒலிபெருக்கியை நிறுத்தி, ஜமுக்காளத்தைச் சுருட்டினேன். வீட்டுக்குப் போய் நானே காப்பி போட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

இவ்வேட்டை என்றேனும் எவரேனும் திறந்து படித்தால், படிக்கும் உங்களுக்குக் கரையீசர் நீண்ட வாழ்நாளும் நோயற்ற உடலும் அருள்வாராக. உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்க. உங்கள் குளம் வற்றாதிருக்க. வழிதப்பி வருவோர்க்கு உங்கள் ஊரில் இரவைக் கழிக்க ஓர் இடம் இருக்க. உங்கள் இல்லத்தில் ஒருவர் எதையேனும் கண்டு முகம் மலரும்போது, அருகிலிருப்பவர் நெஞ்சு வேகாதிருக்க. வெந்தாலும், அவர் வாயிலிருந்து சாத்திரம் பிறவாதிருக்க. அருந்தவநாயகி உடனுறை அண்ணல் உங்கள் அனைவரையும் காக்க.